சத்தமில்லாத இருநூற்றுமுப்பது கிலோவோல்ட்

சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பாதுகாப்பு விதிகளை முதல் கிழமையிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். எந்தக் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நிற்கும், யார் சாவியை வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்நேரம் உங்களுக்குப் பாடம். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்கள் பயிற்சியாளர் இருக்கிறார். வேலையை விட்டு வீட்டில் இருக்கும் என்னிடம் உங்களுக்குத் தர ஒரு நாள்தான் இருக்கிறது. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் என் கை மயிர் எழுந்து நிற்கிறது. பயத்தில் அல்ல. அவ்வளவு பரபரப்பான, அவ்வளவு சந்தோசமான ஒரு பகற்பொழுது என் வேலைக் காலத்தில் வேறு வந்ததில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. ஹனோவருக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலையில் நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். நாங்கள் செய்தது புஷிங். பெரிய மின்மாற்றிகளின் தலையில் கொம்பு போல நிற்குமே, அந்த உறுப்பு. வெளியே ஓடும் உயர் மின்னழுத்தக் கம்பி மின்மாற்றியின் இரும்புத் தொட்டிக்குள் நுழையும் இடத்தில், இரும்பைத் தொடாமல் அதை உள்ளே கூட்டிக்கொண்டு போவது அதுதான். புஷிங் வெடித்தால் மின்மாற்றியும் போகும், சில வேளை பக்கத்தில் நின்றவரும் போவார். ஆகவே ஒவ்வொரு புஷிங்கையும் அது வாழ்நாளில் காணப் போகும் அழுத்தத்தைவிட மிக அதிகமான அழுத்தத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவோம். அந்த ஒரு நிமிடம்தான் எங்கள் தொழில்.

அன்றைக்குச் சோதனைக்கு நின்றவை மூன்று புஷிங்குகள். நூற்றுப்பத்து கிலோவோல்ட் கம்பிக்கானவை. அவற்றுக்கு இருநூற்றுமுப்பது கிலோவோல்ட் கொடுக்க வேண்டும். வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் ஒரு துணைமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சோதனையை நேரில் பார்த்துக் கையெழுத்திட அவர்களுடைய பொறியாளர் குமரேசன் விமானமேறி வந்திருந்தார். ஈரோட்டுக்காரர். நான் வாசலில் "வாங்கோ, பயணமெல்லாம் சுகமோ?" என்று கேட்டதும் திகைத்துப் போய், "மேடம், நீங்க கேரளாவா?" என்றார்.

"இல்லை, யாழ்ப்பாணம். நான் கதைக்கிறதும் தமிழ்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு இடைவேளை கிடைத்தபோதெல்லாம் என்னோடு தமிழில் பேசினார். கூடத்தில் வேறு யாருக்கும் அது விளங்காது. இதை மனதில் வையுங்கள். பிறகு அது பெரிய சிக்கலாக வந்தது.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் மைஸ்டர், அதாவது தொழிலில் தேர்ந்த மேற்பார்வையாளர், என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் வேலை பழகியவர்கள் பலர், நானும் ஒருத்தி. பெரிய உருவம், சின்னக் குரல். கட்டுப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்தால் கூடமே அடங்கிவிடும். அந்தக் கோடையில் அவர் தன் தோட்டத்தில் ஒரு மரவீடு கட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் அளவு நாடா. எத்தனை சென்டிமீட்டர் பலகை, எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்பதுதான் சாப்பாட்டு மேசையில் அவர் பேச்சு.

நான்காவது ஆள் விற்பனைப் பிரிவு மேலாளர். அவரைக் கெட்டவராக நினைக்காதீர்கள். இந்த மூன்று புஷிங்குகளும் ஏற்கெனவே தாமதம். வாசலில் லொறி நின்றது. அது அன்றைக்கே புறப்பட்டால்தான் ஹம்பேர்க் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கலாம். அவர் எல்லாவற்றையும் அந்தக் கப்பலை வைத்தே பார்த்தார். அவருடைய வேலை அது.

இனி அளவுக்கு வருகிறேன். இருநூற்றுமுப்பது கிலோவோல்ட்டை எந்த மீட்டராலும் நேரே அளக்க முடியாது. கூடத்தில் ஒரு உயரமான தூண் நிற்கும். அது அழுத்தத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துத் தரும். ஜேர்மன் மொழியில் அதன் பெயர் டைலர், பங்கிடுவது என்று பொருள். தமிழில் எழுதினால் தையற்காரர் போல இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதை நினைத்துத் தனியே சிரித்திருக்கிறேன். வழக்கமாக மேசையில் இருந்த மீட்டர் அந்தப் பங்கைத் தானே திரும்பப் பெருக்கி, கிலோவோல்ட் என்றே காட்டும். நாங்கள் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்த மீட்டர் துல்லியம் பார்க்க வெளியே அனுப்பப்பட்டிருந்தது. பதிலுக்கு வந்திருந்த மீட்டர் தூணிலிருந்து வருவதை வந்தபடியே காட்டும். அதுவும் மில்லிவோல்ட்டில்.

காலையில் சோதனை நடந்தபோது நான் கூடத்துக்குள் இணைப்புகளை முறுக்கிவிட்டு வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைஸ்டருக்குப் பின்னால் நின்றேன். கூடத்தின் சத்தம் கட்டுப்பாட்டு அறைக்கு ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். மேலாளர் குமரேசனுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததால், அதைக் குறைத்துவிடச் சொன்னார். மைஸ்டர் குறைத்தார். அழுத்தம் ஏறியது. "இருநூற்றுமுப்பது," என்றார் மைஸ்டர். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த புஷிங், அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதும் அப்படியே. உள்ளே நடக்கும் நுண்ணிய மின்கசிவை அளக்கும் கருவி கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டியது. எங்கள் கூடத்தில் அவ்வளவு சுத்தமான முடிவை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. மேலாளர் மைஸ்டரின் தோளைத் தட்டினார். எல்லோரும் கோப்பி அறைக்குப் போனார்கள். கேக் வெட்டக் கத்தி தேடும் சத்தம் கேட்டது.

நான் வழக்கம் போல ஏர்த் கோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை நிலத்துக்கு இறக்கும் வேலை அது. கோலை நீட்டித் தொட்டேன். மூச்சை இழுத்தேன்.

கூடத்தில் மணமே இல்லை.

நீங்களும் இந்நேரம் அந்த மணத்தைப் பிடித்திருப்பீர்கள். இருநூறுக்கு மேலே போய் வந்த கூடத்தில், மின்னல் அடித்து ஓய்ந்த வெளி போல ஒரு மணம் நிற்கும். காற்றே வெந்து ஓசோனாக மாறிய மணம். அன்றைக்குத் தரை கழுவிய சவர்க்கார மணம்தான் இருந்தது. அதுவும் மூன்று சோதனைகளுக்குப் பிறகு.

முதலில் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மின்கசிவைக் குறைக்கப் புஷிங்கின் உச்சியில் புதிய வளையங்களைப் பொருத்தியிருக்கிறோம், காற்று இன்று உலர்ந்திருக்கிறது, நல்ல முடிவு வந்தால் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்றெல்லாம். மனம் இப்படிக் காரணம் தேடிக் கொடுக்கத் தொடங்கும்போதுதான் உங்கள் காதுகள் கூர்மையாக வேண்டும். கெட்ட முடிவை எல்லோரும் மறுபடி பார்ப்பார்கள். மிக நல்ல முடிவைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

நான் கட்டுப்பாட்டு மேசைக்கு வந்தேன். அறையில் ஒருவரும் இல்லை. மீட்டர் இப்போது பூச்சியத்தில் நின்றது. எண்ணுக்கு வலப்பக்கம் சின்னதாக இரண்டு எழுத்து: mV, மில்லிவோல்ட். காலையில் அங்கே நான் பார்த்த எண் இரண்டு, மூன்று, பூச்சியம், பூச்சியம். இரண்டாயிரத்து முந்நூறு. நாங்கள் தேடிய இருநூற்றுமுப்பதின் முகம் அப்படியே அதில் இருந்தது. கண் அந்த முகத்தைக் கண்டதும் சரியென்று விட்டுவிட்டது.

மனதில் படிப்படியாக இறங்கினேன். இருநூற்றுமுப்பது கிலோவோல்ட் என்றால் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வோல்ட். தூண் அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் இருபத்துமூன்று வோல்ட். இருபத்துமூன்று வோல்ட் என்றால் இருபத்துமூவாயிரம் மில்லிவோல்ட்.

இருபத்துமூவாயிரம் வந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு வந்திருந்தது.

அப்படியானால் நாங்கள் கொடுத்தது வெறும் இருபத்துமூன்று கிலோவோல்ட், பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் முழு நிச்சயம் இல்லை. தூணின் அடியில் பொருத்தும் பெட்டிகள் எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று பத்தாயிரத்தால் வகுப்பது, மற்றது லட்சத்தால் வகுப்பது. மைஸ்டர் அந்த மற்றதைப் பொருத்தியிருந்தால் இரண்டாயிரத்து முந்நூறு மில்லிவோல்ட் மிகச் சரி. நான் வாயைத் திறந்தால் என்னை நானே கோமாளியாக்கிக்கொள்வேன். உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் திரும்பியபோது குமரேசன் வாசலில் நின்றார். கையில் கோப்பிக் கோப்பை.

"மேடம், ரிப்போர்ட்ல சைன் பண்ணச் சொல்றாங்க," என்றார் தமிழில், குரலைத் தாழ்த்தி. "எல்லாம் சூப்பரா வந்திருக்குன்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, ஓகே தானே? நம்ம ஆள் ஒருத்தர் சொன்னா எனக்கு ஒரு தைரியம்."

நம்ம ஆள். அந்தச் சொல் என்னை உலுக்கியது. தலையாட்டினால் பொய்யாகலாம். "போடாதேங்கோ" என்று காதுக்குள் சொன்னால், என் மைஸ்டருக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் வாடிக்கையாளரிடம் கதைத்தவள் ஆவேன். அதுவும் இன்னும் நிச்சயமில்லாத ஒன்றை. கோப்பி அறையிலிருந்து மேலாளர் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

"தம்பி, இப்ப எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர் முகம் மாறியது. "தெரியாதுன்னா?"

"ஒண்டைப் பாக்க வேணும். பாத்திட்டு வாறன். ஆனா உங்களுக்கு மட்டும் தமிழிலை சொல்ல மாட்டன். அங்கை இருக்கிற எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுறன். அதுவரைக்கும் பேனையைத் தொடாமல் இருங்கோ."

அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் கூடத்துக்குள் ஓடவில்லை. அந்தக் கூடத்தில் யாரும் ஓடக்கூடாது என்பது உங்களுக்கும் விதி. ஆனால் அவ்வளவு வேகமாக நான் அங்கே நடந்ததில்லை. தூணின் அடியில் குந்தியிருந்து பெட்டியின் முகப்பைத் துடைத்துப் பார்த்தேன். பத்தாயிரம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு வந்தது கவலையல்ல. ஒளித்து விளையாடும்போது மற்றவரின் கால் விரலைத் திரைக்கு அடியில் கண்ட பிள்ளைக்கு வருமே, அந்தக் குதூகலம். கண்டுபிடித்துவிட்டேன். கவலை வாசல் வரை நடந்து வரும்போதுதான் வந்தது.

கோப்பி அறையில் அறிக்கை மேசையில் கிடந்தது. மேலாளர் அதற்குப் பக்கத்தில் பேனையைத் திறந்து வைத்திருந்தார். நான் மைஸ்டருக்கு முன்னால் போய் நின்று ஜேர்மன் மொழியில் கேட்டேன். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, வேலைக் குரலில்.

"மைஸ்டர், இருபத்துமூன்று வோல்ட் என்பது எத்தனை மில்லிவோல்ட்?"

"இரண்டாயிரத்து முந்நூறு," என்றார் உடனே. கேக் துண்டு வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் கை மெல்லச் சட்டைப் பைக்குள் இருந்த அளவு நாடாவின் மேல் போனது. இருபத்துமூன்று மீட்டர் என்றால் இரண்டாயிரத்து முந்நூறு சென்டிமீட்டர். வாரக்கணக்கில் பலகை அளந்த மூளை, மின்சாரத்தில் வந்தும் நூறால் பெருக்கியிருந்தது. மின்னழுத்தத்தில் சென்டி என்று ஒன்றை நாம் எவரும் பயன்படுத்துவதில்லை. அங்கே ஒரு படி ஏறினாலும் ஆயிரம், இறங்கினாலும் ஆயிரம். இது பள்ளிப் பாடம். மைஸ்டருக்குத் தெரியாததல்ல. தெரிந்தது கையில் வராமல் போகும் நாள் யாருக்கும் வரும்.

மேலாளர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பிரச்சினை?"

மைஸ்டர் கேக்கைத் தட்டில் வைத்தார். விரல்களைத் துடைத்தார். என்னைப் பதில் சொல்ல விடவில்லை. நேரே குமரேசனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், சொல் சொல்லாகச் சொன்னார். "நாங்கள் இன்று இருபத்துமூன்று கிலோவோல்ட்தான் கொடுத்தோம். இருநூற்றுமுப்பது அல்ல. தவறு என்னுடையது. சோதனை நடக்கவில்லை."

என் வேலைக் காலத்தில் நான் கேட்ட மிக அழகான நான்கு வாக்கியங்கள் அவைதான். ஒன்றிலும் "ஆனால்" இல்லை.

மேலாளர் மைஸ்டரையும் என்னையும் அறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவர் சத்தம் போடவில்லை. கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். "இந்தப் புஷிங்குகளின் ஒவ்வொரு பகுதியையும் நீங்களே சோதித்தீர்கள். இவை நல்லவை என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"நல்லவையென்றுதான் நானும் நம்புகிறேன்," என்றேன்.

"பிறகென்ன? லொறி நிற்கிறது. அதன் சாரதி காத்திருக்கும் நேரத்துக்கும் சட்டம் உண்டு."

மைஸ்டர் எனக்காகப் பதில் சொன்னார். "நம்புவதற்கென்றால் குமரேசன் தன் ஊரில் இருந்தே நம்பியிருக்கலாம். இங்கே வந்திருக்கத் தேவையில்லை." பிறகு என்னிடம் திரும்பி, "வசந்தி, கூடத்தைத் தயார் செய். இந்த முறை எண்ணை நீ வாசி. நான் ஏற்றுகிறேன்," என்றார்.

அதற்குள் ஏற்றுமதிப் பகுதி ஆட்கள் முதலாவது புஷிங்கைக் கழற்ற பாரந்தூக்கியின் கொக்கியைக் கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பி, இணைப்பை மறுபடி முறுக்கி, கதவுகளை அடைத்து, சாவியை மைஸ்டரின் கையில் கொடுத்தோம். நான் ஒலிபெருக்கியை முழுதாகத் திறந்துவிட்டேன். எங்காவது பொறி எழுந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கூடத்தின் விளக்குகளையும் அணைக்கச் சொன்னேன். அந்தக் கூடத்துக்கு யன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கை அணைத்தால் குகை இருட்டு.

குமரேசன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நானும் கூட கணக்குப் பண்ணலாமா மேடம்?"

"பண்ணுங்கோ. நான் மில்லிவோல்ட்டிலை வாசிப்பன். நீங்கள் கிலோவோல்ட்டிலை சொல்லுங்கோ. பிசகினால் ரெண்டு பேரும் நிப்பாட்டச் சொல்லுவம்."

மைஸ்டர் ஏற்றத் தொடங்கினார்.

"ஐயாயிரம் மில்லிவோல்ட்," என்றேன் ஜேர்மனில்.

"அஞ்சு வோல்ட். ஃபிஃப்டி கிலோவோல்ட்," என்றார் குமரேசன்.

காலையில் நின்ற இடத்தை நாங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டோம். "பத்தாயிரம்." "ஹண்ட்ரட்." ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கத் தொடங்கியது, தூரத்தில் மழை வருவது போல. மைஸ்டரின் புருவம் உயர்ந்தது. அவர் இத்தனை வருடம் கேட்டுப் பழகிய சத்தம். காலையில் அது இல்லாததை அவரும் இப்போதுதான் உணர்ந்தார். "பதினையாயிரம்." "ஒன் ஃபிஃப்டி." மழை நெருங்கியது. இருட்டுக்குள் புஷிங்கின் உச்சி வளையத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய மூச்சு தெரிந்தது. அழகு. என் கால்கள் தாமாகவே பெருவிரலில் நின்றன.

"பதினெட்டாயிரம்."

"ஒன் எய்ட்டி."

அப்போது மழைச் சத்தத்துக்குள் ஒரு சடசடப்பு. எண்ணெயில் தண்ணீர் தெறித்தது போல. காது அது புஷிங்கின் சத்தமல்ல என்றது. கண் இருட்டில் இடப்பக்கம் தேடியது. வளையத்திலிருந்து விலகி, வெறும் காற்றில், ஒரு ஊதாத் தூரிகை தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது.

"இறக்குங்கோ," என்றேன். அவசரத்தில் தமிழ்தான் வந்தது. உடனே ஜேர்மனில் "அவுஸ்", நிறுத்துங்கள், என்றேன். ஆனால் மைஸ்டரின் கை முதல் சொல்லுக்கே இறக்கத் தொடங்கிவிட்டது. மொழி தெரியாவிட்டாலும் குரல் விளங்கியிருக்கிறது.

மேலாளர் தலையில் கை வைத்தார். "வெடித்துவிட்டதா?"

"இல்லை. புஷிங் அல்ல. வேறு ஏதோ."

விளக்கைப் போட்டோம். நான் கோலோடு உள்ளே போய் நிலத்தொடர்பு கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். பாரந்தூக்கியின் கொக்கி. அதை ஏற்றுமதிக்காரர் ஒதுக்கியிருந்தார்கள், ஆனால் போதிய தூரத்துக்கு அல்ல. இருபத்துமூன்று கிலோவோல்ட்டுக்கு அந்த இடைவெளி தாராளம். இருநூற்றுமுப்பதுக்கு அது அழைப்பிதழ். இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் மின்னல் கொக்கிக்குப் பாய்ந்திருக்கும், நல்ல புஷிங்கைப் பழுதானது என்று எழுதித் தள்ளியிருப்போம். ஒரு தவறைத் திருத்தும் அவசரத்தில்தான் இரண்டாவது தவறு கதவைத் தட்டும். முதலாவதைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் நான் கூடத்தைச் சுற்றி ஒரு முறை அண்ணாந்து பார்க்காமல் கதவை அடைத்திருக்கிறேன். கொக்கி கூடத்தின் மறுகோடிக்குப் போகும் வரை மைஸ்டரே பக்கத்தில் நின்று பார்த்தார்.

மறுபடி இருட்டு. மறுபடி நான் வாசிக்க, குமரேசன் மாற்ற, மைஸ்டர் ஏற்றினார். பதினெட்டாயிரம். சடசடப்பு வரவில்லை. இருபதாயிரம். இரைச்சல் இப்போது ஓட்டுக் கூரையில் விழும் பெருமழை.

"இருபத்துமூவாயிரம் மில்லிவோல்ட்."

"இருபத்திமூணு வோல்ட்," என்றார் குமரேசன். "டூ தர்ட்டி கிலோவோல்ட்."

"இருநூற்றுமுப்பது," என்றார் மைஸ்டர், மீட்டரைப் பார்க்காமல், கண்ணாடிக்கு அப்பால் எரிந்த ஊதா வளையத்தைப் பார்த்தபடி. "ஓம்" என்று, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லில், நான் சொன்னேன். அது என்ன சொல்லென்று அவர் கேட்கவில்லை.

அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் எப்படிச் சொல்வது? காலையில் அதே ஒரு நிமிடத்தில் மேலாளர் விமான நிலையத்து உணவைப் பற்றிக் கதைத்து முடித்திருந்தார். இப்போது அவரும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தியது கூட அவருக்குத் தெரியாது. நிமிடம் முடிந்தது. மைஸ்டர் மெல்ல இறக்கினார். மழை தூரப் போய் நின்றது. புஷிங் தாங்கிவிட்டது. கசிவுக் கருவி காலை போலப் பூச்சியம் காட்டவில்லை. உண்மையான ஒரு சின்ன எண்ணைக் காட்டியது, அனுமதித்த அளவுக்கு நன்றாகக் கீழே.

இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதில் எங்கள் மூவரின் வாசிப்பும் ஒரு பாட்டுப் போல ஆகிவிட்டது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். அதுவும் தாங்கியது.

விளக்கைப் போட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நால்வரின் முகத்திலும் வியர்வை. ஆனால் வாசலில் லொறி இல்லை. சாரதி தன் நேரம் முடிகிறதென்று தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கப்பல் போனது போனதுதான். அடுத்த கப்பலில்தான் அவை போயின.

மேலாளர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். களைப்பும் கசப்பும் கலந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். "அப்படியானால் காலையிலும் இவை நன்றாகத்தானே இருந்தன. ஒன்றுமில்லாத விசயத்துக்கு ஒரு கப்பலை விட்டுவிட்டோம்."

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஒரு புஷிங்காவது வெடித்திருந்தால் அன்று நான் வீராங்கனை. கைதட்டியிருப்பார்கள், கதை தொழிற்சாலை முழுக்கப் பரவியிருக்கும். வெடிக்கவில்லை. ஆகவே நான் கப்பலைத் தவறவிட்ட ஆள். ஆனால் பேனையைத் தொடாதேங்கோ என்று நான் சொன்னபோது எனக்குத் தெரிந்தது எதுவோ, புஷிங் வெடித்திருந்தாலும் வெடிக்காவிட்டாலும் அது ஒன்றுதான். நீங்கள் எடுத்த முடிவு சரியா என்று, பிறகு என்ன நடந்தது என்பதை வைத்து அளக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்து அளந்து பாருங்கள். இதை நான் இன்று தெளிவாகச் சொல்கிறேன். அன்று மேலாளருக்குப் பதில் சொல்ல என் நாக்கு எழவில்லை.

பதில் குமரேசனிடமிருந்து வந்தது. அவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, பழைய பக்கத்தைக் கிழித்து மைஸ்டரிடம் கொடுத்தார். பிறகு மேலாளரைப் பார்த்தபடியே, ஆனால் தமிழில், எனக்குச் சொன்னார்.

"ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுக்கத்தானே மேடம் நான் இவ்வளவு தூரம் வந்தேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அந்த வாக்கியத்தை நான் ஜேர்மன் மொழியில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மைஸ்டர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சின்னக் குரல் மனிதரிடம் அவ்வளவு பெரிய சிரிப்பு இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, தன் பேனையைக் குமரேசனிடம் நீட்டினார்.